ஸ்பிரிங் பூட் அப்ளிகேஷனில் ரிக்வெஸ்ட், ரெஸ்பான்ஸ் லாக்: எதை எழுதுவது, எங்கே எழுதுவது, எதைத் தொடவே கூடாது

ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு வாடிக்கையாளர் ஃபோன் செய்து "பணம் எடுத்துட்டாங்க, ஆர்டர் வரல" என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் இருப்பது அவருடைய மொபைல் எண், தோராயமான ஒரு நேரம், அவ்வளவுதான். அவருடைய ரிக்வெஸ்ட் நம் சர்வருக்கு வந்ததா, வந்தது என்றால் என்ன பதில் போனது, அதற்கு எவ்வளவு நேரம் ஆனது, போன பதில் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா? இந்த நாலு கேள்விக்கும் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்ல முடிந்தால் உங்கள் லாக், அதாவது சர்வர் நடந்ததை எழுதிவைக்கும் பதிவு, நல்ல லாக். முடியவில்லை என்றால் ஒரு நாளைக்கு எத்தனை ஜிபி எழுதினாலும் பிரயோஜனம் இல்லை.

நம் ஊர் டீம்களில் சாதாரணமாகப் பார்க்கிற அமைப்பையே எடுத்துக்கொள்கிறேன்: முன்னால் ரிக்வெஸ்டை வாங்கிப் பின்னால் அனுப்பும் ப்ராக்ஸி சர்வரான என்ஜின்எக்ஸ், அதற்குப் பின்னால் டாம்கேட் என்ற ஜாவா வெப் சர்வரோடு ஓடும் ஸ்பிரிங் பூட் (ஜாவா ஃப்ரேம்வொர்க்). கிளாஸ் பெயர்களைப் படிக்க வசதியாகப் பிரித்துப் பிரித்து எழுதுகிறேன், கோடில் எல்லாம் சேர்ந்தே வரும்.

முதல் விஷயம், ஒரு ரிக்வெஸ்டுக்கு ஒரு வரி. வேலை முடிந்த பிறகு, எல்லாத் தகவலும் கையில் இருக்கும்போது எழுதுகிற ஒரே வரி. உள்ளே வரும்போது ஒன்று, வெளியே போகும்போது ஒன்று என்று இரண்டு வரி எழுதும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அப்படி எழுதினால் தேடும்போது இரண்டையும் ஜோடி சேர்க்கும் வேலை உங்கள் தலையில் விழும், நூறு ரிக்வெஸ்ட் ஒரே நொடியில் கலந்து வரும்போது அது பெரிய தொல்லை. "பாதியிலேயே ப்ராசஸ் செத்துவிட்டால் அந்த ஒரு வரியும் வராதே" என்று கேட்பீர்கள். சரிதான், அதனால்தான் என்ஜின்எக்ஸ் பக்கமும் லாக் வேண்டும் என்கிறேன். மெமரி தீர்ந்து ஜாவா ப்ராசஸ் விழுந்தால் அப்ளிகேஷன் லாக்கில் ஒன்றும் இருக்காது, ஆனால் என்ஜின்எக்ஸ் லாக்கில் 502 (பின்னால் இருக்கும் சர்வரிடமிருந்து சரியான பதில் இல்லை என்ற ஸ்டேட்டஸ்) என்று ஒரு வரி இருக்கும்.

என்ஜின்எக்ஸ் பக்கம்

சும்மா இருக்கிற கம்பைண்ட் ஃபார்மட்டில் ஐபி, நேரம், ரிக்வெஸ்ட் வரி, ஸ்டேட்டஸ், பைட் எண்ணிக்கை, ரெஃபரர், யூசர் ஏஜென்ட் எல்லாம் வரும், நேரக் கணக்கு மட்டும் வராது. லாக் ஃபார்மட்டை நீங்களே ஒன்று எழுதி அதில் இரண்டு மாறிகளைச் சேர்த்துவிடுங்கள்: ரிக்வெஸ்ட்_டைம், அப்ஸ்ட்ரீம்_ரெஸ்பான்ஸ்_டைம். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தில்தான் பாதி உண்மை இருக்கிறது. முதலாவது, பயனரிடமிருந்து முதல் பைட்டைப் படித்ததிலிருந்து கடைசி பைட்டை அனுப்பி முடிக்கும் வரை ஆன நேரம். இரண்டாவது, உங்கள் ஜாவா அப்ளிகேஷனிடமிருந்து பதில் வாங்க ஆன நேரம் மட்டும். முதலாவது 12 நொடி, இரண்டாவது 0.08 நொடி என்றால் டேட்டாபேஸைப் போய்க் குடைய வேண்டாம். அந்த ஆள் சிக்னல் சரியில்லாத இடத்தில் ஒரு பெரிய படத்தை மெதுவாக ஏற்றிக்கொண்டிருந்திருப்பார்.

அதே இடத்தில் 499 என்ற ஸ்டேட்டஸையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எந்த எச்டிடிபி தரநிலையிலும் அது கிடையாது, என்ஜின்எக்ஸ் தன் வசதிக்கு வைத்துக்கொண்டது. பதில் போவதற்கு முன்பே பயனர் பக்கம் இணைப்பை மூடிவிட்டது என்று பொருள். 499 திடீரென்று கூடினால் உங்கள் சர்வர் மெதுவாகிவிட்டது, ஜனங்கள் காத்திருந்து பார்த்து வெளியே போகிறார்கள் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் ஐடி. என்ஜின்எக்ஸ் 1.11.0 முதல் ரிக்வெஸ்ட்_ஐடி என்று ஒரு மாறி இருக்கிறது, 32 எழுத்து நீளத்தில் ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் தனி எண் கொடுக்கும். அதை லாக்கிலும் எழுதி, எக்ஸ்-ரிக்வெஸ்ட்-ஐடி என்ற ஹெட்டரில் (ரிக்வெஸ்டோடு போகும் கூடுதல் தகவல் வரி) பின்னால் இருக்கும் அப்ளிகேஷனுக்கும் அனுப்புங்கள். வெளியிலிருந்து யாராவது அதே ஹெட்டரைப் போட்டு அனுப்பினால் அதை எடுத்துக்கொள்ளாமல் உங்களுடையதை மேலே எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆயிரம் ரிக்வெஸ்டுக்கு ஒரே ஐடி வைத்து ஒருவர் உங்கள் தேடலைக் குழப்பிவிட முடியும்.

இந்த ஐடி எதற்கு உதவும் என்று ஒரு உதாரணத்தில் காட்டுகிறேன். ஒரே ஐடியைத் தேடும்போது கிடைக்கும் இரண்டு வரிகள், ஐடியைச் சுருக்கித் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

என்ஜின்எக்ஸ்: 22:14:07, ஐடி 90412277, போஸ்ட் ஆர்டர், ஸ்டேட்டஸ் 504, நேரம் 60.001 நொடி
அப்ளிகேஷன்: 22:14:20, ஐடி 90412277, போஸ்ட் ஆர்டர், ஸ்டேட்டஸ் 200, நேரம் 73.4 நொடி

என்ஜின்எக்ஸில் ப்ராக்ஸி_ரீட்_டைம்அவுட் யாரும் மாற்றாத வரை 60 நொடி. அவ்வளவு நேரம் பின்னாலிருந்து ஒரு பைட்டும் வராததால் அது பயனருக்கு 504 (நேரம் கடந்துவிட்டது) கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிவிட்டது. ஜாவா பக்கம் அது தெரியாமல் வேலையை ஒழுங்காக முடித்து, பணத்தைப் பிடித்து, 200 (வெற்றி) என்று நிம்மதியாக எழுதியிருக்கிறது. பயனர் பார்த்தது பிழைத் திரை, அதனால் மறுபடி பட்டனை அழுத்தியிருப்பார், இரண்டு முறை பணம் போயிருக்கும். அப்ளிகேஷன் லாக்கை மட்டும் பார்க்கிறவர் "நம்ம பக்கம் எல்லாம் சரியா இருக்கு" என்று சத்தியம் செய்வார். இரண்டு வரியையும் பக்கத்தில் வைத்தால்தான் நடந்தது புரியும், அதற்கு ஐடி இல்லாமல் வழியில்லை.

இதே ஐடியை ரெஸ்பான்ஸ் ஹெட்டரிலும் திருப்பி அனுப்புங்கள், பிழைத் திரையில் சின்ன எழுத்தில் காட்டவும் செய்யுங்கள். ஃபோனில் பேசுகிறவர் அதைப் படித்துச் சொன்னால் போதும். பல சர்வீஸ்கள் ஒன்றையொன்று கூப்பிடும் அமைப்பாக இருந்தால் வெப் தரநிலை அமைப்பான டபிள்யூ3சி-யின் ட்ரேஸ்பேரன்ட் ஹெட்டருக்குப் போவது நல்லது, ஓப்பன்டெலிமெட்ரி என்ற கண்காணிப்புக் கருவித்தொகுப்பு அதை அப்படியே புரிந்துகொள்ளும்.

ஸ்பிரிங் பூட் பக்கம்

ஒன்ஸ்-பெர்-ரிக்வெஸ்ட்-ஃபில்டரை எக்ஸ்டெண்ட் செய்து ஒரு ஃபில்டர் எழுதுங்கள், ஒவ்வொரு ரிக்வெஸ்டும் உள்ளே போகும்போதும் திரும்பும்போதும் அதைக் கடந்துதான் போகும். உள்ளே நுழைந்ததும் ஐடியை எம்டிசி-யில் (எல்லா லாக் வரியிலும் சேர்க்க வேண்டிய தகவலை வைக்கும் இடம்) போடுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், செயினை, அதாவது மீதி ஃபில்டர்களையும் ரிக்வெஸ்டைக் கையாளும் கன்ட்ரோலரையும், கூப்பிடுங்கள், ஃபைனலி பிளாக்கில் வரியை எழுதி எம்டிசி-யைக் காலி செய்யுங்கள். சொல்ல இவ்வளவுதான், ஆனால் ஒவ்வொரு படியிலும் ஒரு குழி இருக்கிறது.

ஃபில்டர் எந்த வரிசையில் நிற்கிறது என்று பாருங்கள். ஸ்பிரிங் செக்யூரிட்டியின் ஃபில்டர் செயின் ஸ்பிரிங் பூட்டில் இயல்பாக -100 என்ற வரிசையில் நிற்கும். உங்கள் லாக் ஃபில்டர் அதற்குப் பின்னால் போய் நின்றால் 401, 403 (அனுமதி மறுப்பு) எதுவுமே லாக்கில் வராது, யாராவது ராத்திரி முழுக்கப் பாஸ்வேர்டு மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தாலும் உங்களுக்குத் தெரியாது. ஹையஸ்ட் பிரசிடன்ஸ் கொடுத்து எல்லோருக்கும் முன்னால் நிறுத்துங்கள்.

நேரத்தை சிஸ்டம் நானோ-டைமில் அளவிடுங்கள், கரன்ட்-டைம்-மில்லிஸில் வேண்டாம். சர்வர் கடிகாரத்தை என்டிபி சரிசெய்யும்போது பின்னது முன்னே பின்னே குதிக்கும், மைனஸ் 40 மில்லிவிநாடி என்று ஒரு வரியைப் பார்த்துக் குழம்ப வேண்டிவரும்.

அடுத்தது பலரும் கவனிக்காத ஒன்று. கன்ட்ரோலரில் யாரும் பிடிக்காத எக்ஸெப்ஷன் ஒன்று கிளம்பி உங்கள் ஃபில்டரைத் தாண்டிப் போகிறது என்றால், அந்தக் கணத்தில் ரெஸ்பான்ஸ் ஸ்டேட்டஸைக் கேட்டால் 200 என்றுதான் சொல்லும். 500 ஆக மாற்றுவது டாம்கேட், அது உங்கள் ஃபில்டருக்கு வெளியே, கொஞ்சம் பின்னால் நடக்கிறது. ஃபைனலியில் ஸ்டேட்டஸை மட்டும் எடுத்து எழுதினீர்கள் என்றால் மோசமாகச் செத்த ரிக்வெஸ்ட்கள் எல்லாம் வெற்றிக் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் ஒரு கேட்ச் போட்டு, எக்ஸெப்ஷன் வந்தால் 500 என்றும் அதன் கிளாஸ் பெயரையும் குறித்துக்கொண்டு, அதே எக்ஸெப்ஷனை மறுபடி த்ரோ செய்துவிடுங்கள். விழுங்கிவிடாதீர்கள்.

எம்டிசி, வேலையை ஓட்டும் த்ரெட்டோடு ஒட்டியிருப்பது. டாம்கேட் த்ரெட்கள் திரும்பத் திரும்பப் பயன்படுவதால், காலி செய்யாமல் விட்டால் ஒரு பயனரின் ஐடி அடுத்த ஆளின் வரிகளில் போய் ஒட்டிக்கொள்ளும், லாக் இல்லாததைவிட இது மோசம். இதே காரணத்தால் அசிங்க் என்று குறித்த மெதட் வேறு த்ரெட்டில் ஓடும்போது ஐடி கூடவே போகாது. டாஸ்க்-டெக்கரேட்டர் ஒன்றை எழுதி, எம்டிசி-யின் நகலை எடுத்துக் கொடுத்து, முடிந்ததும் காலி செய்யச் சொல்லுங்கள். டெஃபர்ட்-ரிசல்ட் மாதிரி அசிங்க் ரெஸ்பான்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு: செயின் திரும்பி வரும்போது வேலை இன்னும் முடிந்திருக்காது. அசிங்க் தொடங்கிவிட்டதா என்று ரிக்வெஸ்டைக் கேட்டு, ஆம் என்றால் எழுதாமல் விட்டு, அசிங்க் டிஸ்பாட்சிலும் ஓடும்படி ஃபில்டரை அமைத்து, அது மறுபடி ஓடும்போது எழுத வேண்டும். தொடக்க நேரத்தை ரிக்வெஸ்ட் அட்ரிபியூட்டில் போட்டுவைத்தால்தான் அப்போது கையில் இருக்கும்.

வரியில் என்னென்ன? நேரம், அதில் +05:30 அல்லது யுடிசி என்று தெளிவாகக் குறியுங்கள், இரண்டு சர்வர் இரண்டு நேர மண்டலத்தில் எழுதினால் விசாரணையே தலைகீழாகும். பிறகு ஐடி, மெதட், பாதை, ஸ்டேட்டஸ், எடுத்த நேரம், பதிலின் அளவு, பயனரின் உள் எண், ஐபி. பாதையை அப்படியே எழுதுவதோடு ஸ்பிரிங் கண்டுபிடித்த வடிவத்தையும், அதாவது ஆர்டர் எண் இருக்கும் இடத்தில் வெறும் அடைப்புக்குறியோடு இருக்கிற வடிவத்தையும் எழுதுங்கள். பெஸ்ட்-மேச்சிங்-பேட்டர்ன் என்ற அட்ரிபியூட்டில் அது செயின் முடிந்த பிறகு கிடைக்கும். "எந்த ஏபிஐ மெதுவாக இருக்கிறது" என்று கூட்டிப் பார்க்க அது வேண்டும், இல்லையென்றால் லட்சம் ஆர்டருக்கு லட்சம் பாதை.

ஐபி பற்றி ஒரு வார்த்தை. ப்ராக்ஸிக்குப் பின்னால் இருப்பதால் ஒன்றும் செய்யாவிட்டால் எல்லா வரியிலும் என்ஜின்எக்ஸின் ஐபி-யே (அதே மெஷினில் என்றால் 127.0.0.1) வரும். என்ஜின்எக்ஸில் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெட்டரை அனுப்பி, சர்வர்.ஃபார்வர்ட்-ஹெட்டர்ஸ்-ஸ்ட்ராட்டஜி என்பதை நேட்டிவ் என்று வையுங்கள். அந்த ஹெட்டரை யார் வேண்டுமானாலும் பொய்யாக எழுதி அனுப்பலாம், அதனால் உங்கள் ப்ராக்ஸி முகவரியிலிருந்து வந்தால் மட்டும் நம்ப வேண்டும். மொபைல் நெட்வொர்க்கில் ஒரே ஐபி-க்குப் பின்னால் ஏகப்பட்ட பேர் இருப்பார்கள், ஆகவே ஐபி-யை வைத்து ஆளை முடிவுசெய்யாதீர்கள்.

எல்லாவற்றையும் ஜேசன் வடிவில் எழுதுங்கள். ஸ்பிரிங் பூட் 3.4 முதல் இதற்கென்று தனி லைப்ரரி வேண்டாம், ஸ்ட்ரக்சர்ட் லாகிங் உள்ளேயே வருகிறது, ஈசிஎஸ், லாக்ஸ்டாஷ், கெல்ஃப் என்ற மூன்று ஜேசன் வடிவங்களில் ஒன்றை ஒரு வரி செட்டிங்கில் தேர்வு செய்யலாம். தேடுவது சுலபமாகும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, வெறும் எழுத்தாக எழுதும்போது யூசர் ஏஜென்டிலோ க்வெரியிலோ புது வரிக் குறியீட்டைத் திணித்து ஒருவர் உங்கள் லாக்கில் பொய் வரிகளை உருவாக்க முடியும், ஜேசன் அதை எஸ்கேப் செய்துவிடும். வெளியிலிருந்து வரும் எழுத்து லாக்குக்குள் போவது எவ்வளவு ஆபத்தாக முடியும் என்று 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லாக் லைப்ரரியின் ஓட்டை வெளிவந்தபோது உலகமே பார்த்தது. ஒரு ஹெட்டரில் ஒரு சின்ன வரியை எழுதி அனுப்பினாலே, அதை லாக் செய்யும் சர்வரில் தங்கள் கோடை ஓடவைக்க முடிந்தது.

பாடியை எழுத வேண்டுமா?

பாடி என்றால் ரிக்வெஸ்ட், ரெஸ்பான்ஸின் உள்ளடக்கம். என் கருத்து: இயல்பாக வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 100 ரிக்வெஸ்ட் என்றால் ஒரு நாளைக்கு 86.4 லட்சம் வரி. ஒரு வரி 500 பைட் என்றால் 4.3 ஜிபி, சமாளிக்கலாம். போகிற பாடி, வருகிற பாடி இரண்டும் சேர்ந்து 10 கேபி என்றால் ஒரு நாளைக்கு 86 ஜிபி, அதில் நீங்கள் திரும்பிப் பார்க்கப்போவது ஒரு கைப்பிடி. வெளி நிறுவனங்களிடமிருந்து வரும் கால்பேக், அதாவது பேமென்ட் கேட்வே நமக்கு அனுப்புவது போன்றவற்றில் மட்டும் பாடியை வையுங்கள், ஏனென்றால் "நாங்கள் அனுப்பினோம்" "எங்களுக்கு வரவில்லை" என்ற வாக்குவாதத்தில் உங்களுக்குக் கைகொடுக்கப்போவது அதுதான். மற்ற இடங்களில் பிழை வந்தால் மட்டும், அதுவும் முதல் இரண்டு கேபி.

எழுதுவது என்று முடிவுசெய்தால் கன்டென்ட்-கேஷிங்-ரிக்வெஸ்ட்-ரேப்பர், அதன் ரெஸ்பான்ஸ் ஜோடி இரண்டும் ஸ்பிரிங்கிலேயே இருக்கின்றன. பாடி ஒரு ஸ்ட்ரீம், ஒருமுறைதான் படிக்க முடியும். நீங்கள் ஃபில்டரில் படித்துவிட்டால் கன்ட்ரோலருக்கு ஒன்றும் மிஞ்சாது, அதனால்தான் இந்த ரேப்பர். ஆனால் அது தானாக எதையும் படித்து வைக்காது, கன்ட்ரோலர் படிக்கப் படிக்க நகல் எடுக்கும், அவ்வளவுதான். செயினுக்கு முன்னால் கேட்டால் காலியாக இருக்கும், பின்னால்தான் கேட்க வேண்டும். ரெஸ்பான்ஸ் ரேப்பரில் இதைவிடக் கவனம் வேண்டும்: கடைசியில் காப்பி-பாடி-டு-ரெஸ்பான்ஸ் என்ற மெதடைக் கூப்பிட மறந்தால் லாக்கில் பதில் அழகாக இருக்கும், பயனருக்கு வெறும் காலிப் பக்கம் போகும். கோப்பு டவுன்லோட், எஸ்எஸ்இ (சர்வர் தொடர்ந்து அனுப்பும் செய்திகள்) போன்ற ஸ்ட்ரீம் பதில்களில் இந்த ரேப்பரைப் போடவே போடாதீர்கள், முழுப் பதிலையும் மெமரியில் பிடித்துவைத்துக்கொள்ளும்.

எதை எழுதவே கூடாது

இதில் சமரசம் வேண்டாம். 2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடிப் பயனர்களையும் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளச் சொன்னது, காரணம் ஹாஷ் செய்து (திரும்பப் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றி) முடிப்பதற்கு முன்பே பாஸ்வேர்டுகள் ஒரு உள் லாக்கில் அப்படியே எழுதப்பட்டிருந்தன. அடுத்த ஆண்டே ஃபேஸ்புக்கும் கோடிக்கணக்கான பாஸ்வேர்டுகள் உள் சிஸ்டங்களில் படிக்கக்கூடிய வடிவில் கிடந்ததை ஒப்புக்கொண்டது. பெரிய பாதுகாப்புக் குழுக்கள் இருக்கும் இடத்திலேயே இது நடக்கிறது, ஏனென்றால் டேட்டாபேஸுக்குப் போடும் பூட்டை யாரும் லாக்குக்குப் போடுவதில்லை. நேற்று சேர்ந்த சப்போர்ட் பையன் கூட லாக் தேடும் திரையான கிபானாவைத் திறந்து பார்க்கலாம்.

ஆத்தரைசேஷன், குக்கி, செட்-குக்கி ஹெட்டர்கள், பாஸ்வேர்டு, ஓடிபி, சிவிவி எதுவும் லாக்கில் கூடாது. ஆதார் எண் அவசியம் என்றால் கடைசி நாலு இலக்கம் மட்டும், கார்டு எண்ணும் அப்படியே. க்வெரி ஸ்ட்ரிங்கை மறந்துவிடுவார்கள்: பாஸ்வேர்டு ரீசெட் லிங்கில் இருக்கும் டோக்கன் யுஆர்எல்லோடு சேர்ந்து என்ஜின்எக்ஸ் லாக்கில் போய் உட்கார்ந்துவிடும், அங்கே உங்கள் ஜாவா மறைப்பு எதுவும் வேலை செய்யாது. முழு ரிக்வெஸ்ட் வரிக்குப் பதிலாக க்வெரி இல்லாத யுஆர்ஐ மாறியை எடுத்து எழுதுங்கள்.

முறை என்று பார்த்தால், மறைக்க வேண்டியவற்றின் பட்டியலை வைக்காதீர்கள், எழுதலாம் என்று அனுமதித்தவற்றின் பட்டியலை வையுங்கள். முதல் வகையில் நாளைக்கு ஒருவர் "பின்" (ரகசிய எண்) என்று புது ஃபீல்டு சேர்த்தால் அது நேராக லாக்குக்குப் போகும். இரண்டாவது வகையில் யாராவது யோசித்துச் சேர்த்தால்தான் போகும்.

எழுதும் வேகம், வட்டு, எத்தனை நாள்

ஸ்பிரிங் பூட்டின் இயல்பான லாக் லைப்ரரியான லாக்பேக்கில் அசிங்க்-அப்பெண்டர் (வரிகளை க்யூவில் வைத்துத் தனி த்ரெட்டில் எழுதுவது) போடுகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் க்யூ இயல்பாக 256 இடம். அதில் 20 சதவீதம்தான் மிச்சம் என்ற நிலை வந்ததும் ட்ரேஸ், டீபக், இன்ஃபோ நிலை வரிகளைச் சொல்லாமல் தூக்கிப்போடும். உங்கள் ரிக்வெஸ்ட் வரிகள் இன்ஃபோ. அதாவது கூட்டம் அலைமோதும் நேரத்தில், மிகவும் வேண்டியிருக்கும்போது, அவை காணாமல் போகும். டிஸ்கார்டிங்-த்ரெஷோல்ட் 0 என்று வைத்து க்யூவைப் பெரிதாக்குங்கள். அப்போது க்யூ நிரம்பினால் ரிக்வெஸ்ட் த்ரெட் காத்திருக்கும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். எனக்கு அது பரவாயில்லை, உங்கள் அப்ளிகேஷனுக்கு எது முக்கியம் என்று யோசித்து முடிவெடுங்கள்.

கோப்பு சுழற்சிக்கு லாக்பேக்கில் அளவு, நேரம் இரண்டையும் பார்க்கும் ரோலிங் பாலிசியைப் போட்டு, மொத்த அளவுக்கு ஒரு உச்சவரம்பும் வையுங்கள். என்ஜின்எக்ஸ் லாக்கை லாக்ரொட்டேட் சுழற்றும்போது யுஎஸ்ஆர்1 சிக்னல் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் பெயர் மாறிய பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும். அந்தக் கோப்பை அழித்தாலும் இடம் திரும்பாது, வட்டின் மிச்ச இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை வட்டு நிறைந்துவிட்டது என்னும், கோப்புகளின் அளவைக் கூட்டும் டியூ அப்படி ஒன்றும் இல்லை என்னும். ஹெல்த் செக் வரிகளை வெட்டிவிடுங்கள், கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் ஒவ்வொரு பாடுக்கும் (அப்ளிகேஷன் ஓடும் அலகு) இயல்பாகப் பத்து நொடிக்கு ஒருமுறை தட்டிக்கொண்டிருக்கும்.

எத்தனை நாள் வைப்பது என்பதை இந்தியாவில் நாமாக முடிவெடுக்க முடியாது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு லாக்குகளை 180 நாள் பாதுகாப்பாக வைத்திருக்கச் சொல்கிறது, அது தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்தும். 14 நாளில் அழியும்படி யாரோ எப்போதோ வைத்த செட்டிங் இருந்தால் இன்றே மாற்றுங்கள். சமீபத்திய இரண்டு வாரத்தைத் தேடும் இடத்திலும் மிச்சத்தைச் சுருக்கி மலிவான ஸ்டோரேஜிலும் வைத்தால் செலவு கட்டுக்குள் இருக்கும்.

எல்லாம் அமைத்த பிறகு லாக்கையே டெஸ்ட் செய்யுங்கள். வேண்டுமென்றே எக்ஸெப்ஷன் எறியும் ஒரு பாதை, டோக்கன் இல்லாமல் ஒரு ரிக்வெஸ்ட், 70 நொடி தூங்கும் ஒன்று, ரிக்வெஸ்ட் அனுப்பும் கர்ள் கட்டளையைப் பாதியில் நிறுத்தும் ஒன்று என்று நாலையும் ஸ்டேஜிங் என்ற சோதனைச் சர்வரில் ஓட்டினால், இரண்டு லாக்கிலும் சேர்த்து 500, 401, 504, 499 நாலும் கண்ணில் பட வேண்டும். கடைசியாக ஒரு இன்டகிரேஷன் டெஸ்ட்: வேறெங்கும் வராத விசித்திரமான ஒரு எழுத்துக்கோவையைப் பாஸ்வேர்டாகக் கொடுத்து லாகின் செய்து, பிறகு லாக் கோப்பு முழுவதிலும் அதைத் தேடி, ஒரு இடத்தில் கிடைத்தாலும் பில்டைத் தோற்கடிக்கச் சொல்லுங்கள். அதைச் சிஐ-யில் (பில்டையும் டெஸ்டையும் தானாக ஓட்டும் அமைப்பு) போட்டுவிட்டால், ஆறு மாதம் கழித்து யாரோ அவசரத்தில் சேர்க்கும் ஒரு டீபக் வரியை அது மெர்ஜ் ஆகும் முன்பே பிடித்துக் கொடுக்கும்.